வெள்ளிக்கிழமை மட்டும் குளிர்ந்த சந்து

1

இது கட்டுரையாகத் தோற்றுப்போய்க் கதையானது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துக் கேலி செய்வதைவிட இது மேல்.

பத்திரிகை ஆசிரியர் ஒருவர் போனில் கேட்டார்: "நகரங்கள் தங்களோட வெயிலைத் தாங்களே கூட்டிக்குதாமே சார். அதைப் பத்தி எளிமையா ஒரு கட்டுரை வேணும்." ராமநாதபுரத்தில் குடியிருந்துகொண்டு வெயிலைப் பற்றி எழுத என்ன கஷ்டம் என்று ஒத்துக்கொண்டேன். கதவைச் சாத்தி, ஏசியை இருபத்திரண்டில் வைத்து, காலில் போர்வையைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

'சிமென்ட் பகல் முழுவதும் வெயிலைச் சேர்த்துவைத்து, இருட்டிய பிறகு மெல்ல வெளியே விடுகிறது. நெருங்கி நிற்கும் கட்டடங்கள் காற்றை மறிக்கின்றன. மண்ணும் மரமும் போன இடத்தில் ஈரம்

அந்த வாக்கியம் இன்றுவரை அங்கேயே நிற்கிறது. அந்த இடத்தில்தான் ஏசி நின்றுபோனது.

மெக்கானிக் வந்தார். சஃபீர் என்று வைத்துக்கொள்வோம். ஏணியில் நின்றபடி, என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். சொன்னதும் சிரித்தார். "ஏசி சூட்டைக் கொல்லாது சார். எடத்தை மாத்தும், அவ்வளவுதான். எங்க சந்தைப் பத்தி எழுதுங்க" என்று இரண்டு விஷயங்கள் சொன்னார். உப்புக்காற்றைப் பற்றி ஒன்று, வெள்ளிக்கிழமையைப் பற்றி ஒன்று. மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

கிளம்புமுன் வீட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், "ஒங்க அவுட்டோர் அந்தத் தையக்காரம்மா ஜன்னலைப் பாத்துல்ல ஊதுது" என்றார். அவுட்டோர் என்றால் ஏசியின் வெளிப்பெட்டி. பின்வீட்டில் பூமயில் என்ற பெண் வாடகைக்கு இருந்து தையல் தைக்கிறார். அவர் ஜன்னல் எப்போதும் சாத்தியே கிடக்கும். "ஆமா, பாக்கணும்" என்று சொல்லிவைத்தேன். கதை பிடிபட்ட சந்தோஷத்தில் அதை மறந்தும் போனேன்.

2

முதல் தொடக்கம்: 'ஆனி மாத வெயில் அந்த ஊரின் மேல்

வேண்டாம். வெயிலை வர்ணித்துத் தொடங்கும் கதையை எங்கள் மாவட்டத்துக்காரர் யாரும் படிக்கமாட்டார். வாசலில் போய் நின்றாலே அவருக்குப் போதும்.

இரண்டாவது: 'முன்பெல்லாம் அந்தச் சந்து மண்ணாக இருந்தது. காலுக்குக் குளுகுளுவென்று

இதுவும் வேண்டாம். மண்ணாக இருந்த காலத்தில் மழை பெய்தால் கணுக்கால் வரை சேறு. பேவர் பிளாக் கல் பதித்த அன்றைக்குச் சந்தே சேர்ந்து பிரியாணி ஆக்கியது. பழைய சேற்றுக்காக ஏங்குகிறவர் அங்கே ஒருவரும் இல்லை. இல்லாத ஏக்கத்தை நான் ஏன் உண்டாக்க வேண்டும்?

மூன்றாவது: சஃபீருக்குத் துருவைத் தவிர வேறு பகை கிடையாது.

இது நிற்கட்டும்.

3

சஃபீருக்குத் துருவைத் தவிர வேறு பகை கிடையாது. எட்டு வருஷம் ஷார்ஜாவில் ஏசி வேலை பார்த்துவிட்டு, ஏர்வாடிப் பக்கத்துக் கடலோர ஊரான தன் ஊருக்கே திரும்பியவன். (ஊர்ப்பெயரைச் சொன்னால் எந்தச் சந்து என்று தேடிக் கிளம்பிவிடுவீர்கள்.) கதைக்குள் வந்துவிட்டதால் இனி 'அவன்'. முப்பத்து நாலு வயது, கோபித்துக்கொள்ளமாட்டான்.

அந்த ஊரில் மற்ற மெக்கானிக்குகள் அவுட்டோரை மொட்டை மாடியில் வைத்தார்கள். ஆனியில் கச்சான் அடிக்கத் தொடங்கும். தென்மேற்கிலிருந்து உப்பையும் மணலையும் வாரிக்கொண்டு வரும் கடற்காற்று அது. இரண்டே வருஷத்தில் பெட்டிக்குள் இருக்கும் காயிலைத் தின்றுவிடும். சஃபீர் அதற்கு வழி கண்டான். காற்று நுழையாத பக்கமாகப் பார்த்து, வீட்டுச் சுவரில் ஆள் உயரத்தில், சந்தைப் பார்த்து மாட்டினான். துரு அண்டவில்லை. "சஃபீர் மாட்டுனா அஞ்சு வருசத்துக்குக் கவல இல்ல" என்று பேர் எடுத்தான். ஒரே சந்தில் இருபத்திரண்டு அவுட்டோர். இரண்டு கை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தொடும் சந்து அது. காற்றே நுழையாத இடமாகத் தேடிப் பிடித்து, அங்கே கொண்டுபோய் இருபத்திரண்டு அறைச் சூட்டையும் கொட்டினான். கெட்ட எண்ணம் எள்ளளவும் கிடையாது. வேலை சுத்தம்.

சந்தின் முனையில் ஒற்றை அறை அங்கன்வாடி இருக்கிறது. பதினெட்டுப் பிள்ளைகள். மீன் விற்கப் போகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும். சஃபீரின் மகள் லாமியாவும் அங்கேதான். மூன்றரை வயது. அறைக்கு ஒரே ஜன்னல். எதிர்வீட்டு அவுட்டோர் இரண்டும் நேராக அதற்குள் ஊதியதால், டீச்சர் ஈஸ்வரி இரண்டு வருஷத்துக்கு முன்பே அதைச் சாத்தி அட்டை ஒட்டிவிட்டார்.

[இந்த இடத்தில் சஃபீரைச் சந்தேகப்பட்டேன். இத்தனை நாள் அவன் கண்ணில் அந்த அட்டை படவில்லையா? பட்டிருக்கும். வெயிலுக்கு ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பான். நானும் பூமயிலின் ஜன்னலைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தேன்.]

4

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. சஃபீர் அதே சந்தில் இருபத்து மூன்றாவது அவுட்டோருக்குச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தான். (இது கொஞ்சம் அதிகம்தான். தெரிந்தேதான் வைத்திருக்கிறேன்.) போன் அடித்தது.

"தம்பி, ஈஸ்வரி டீச்சர் பேசுறேன். லாமியா வாந்தி எடுத்துட்டுச் சோந்து விழுந்துருச்சு. பதறாம வா. ஒடனே வா."

முப்பது அடி தூரம். துளைபோடும் மெசினைக் கையில் பிடித்தபடியே ஓடினான்.

முதல் வரைவில் இந்த இடத்தில் லாமியா இறந்துபோனாள். எழுதி முடித்து அரை மணி நேரம் என்னால் நாற்காலியைவிட்டு எழ முடியவில்லை. ஒரு கட்டுரைக்கு உயிர் கொடுப்பதற்காக ஒரு பிள்ளையின் உயிரை எடுக்கிற ஆளா நான் என்று வெட்கமாக இருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். லாமியாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தார்கள். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து, "உம்மா, மாம்பழம்" என்று கேட்டாள். அவள் அம்மா ஹமீதா பானு அதற்குப் பிறகுதான் அழுதாள். சஃபீர் வெளியே வந்து வண்டிமேல் உட்கார்ந்துகொண்டு அழுதான்.

5

செய்தி மேலே போனது. அங்கன்வாடிகளுக்கு மேலதிகாரியான நாகேந்திரன் சனிக்கிழமைக்குள் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். பொல்லாத ஆள் இல்லை. பிள்ளை விழுந்தால் பதில் சொல்லவேண்டியவர், அவ்வளவுதான். ஈஸ்வரியிடம் போனிலேயே தெளிவாகச் சொன்னார்: பகல் ஒரு மணிக்கு அறையில் நாற்பது டிகிரியைத் தொட்டால் மையத்தை மூடி, பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மையத்தோடு சேர்த்துவிடுவார். நடுவில் மெயின் ரோடு. காலையில் மீன்கூடையோடு ஓடுகிற தாய் பிள்ளையை அவ்வளவு தூரம் கொண்டுபோய் விடமாட்டாள். பதினெட்டில் பத்துப் பிள்ளைகளாவது நின்றுவிடும். மத்தியானச் சோறும் முட்டையும் அவர்களுக்கு அத்தோடு சரி.

நாகேந்திரன் வெப்பமானியோடு வந்து இறங்கியது வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு.

அந்த ஊரை அறிந்தவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மற்ற நாட்களில் அந்த நேரம் சந்தில் எல்லா வீட்டிலும் சாப்பாடு முடிந்து, ஏசியைப் போட்டுப் படுத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை அப்படி இல்லை. காலையிலேயே ஒவ்வொரு வீட்டுப் பெண்களும் மோட்டாரைப் போட்டு வாசலைக் கழுவி, அந்தத் தண்ணீரிலேயே சந்தையும் கழுவிவிடுவார்கள். பன்னிரண்டரைக்கு ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விடுவார்கள். பெண்கள் அடுப்படியில் நெய்ச்சோறோடு நிற்பார்கள். படுக்கையறையில் ஆள் இல்லை. மறுநாள் மாட்டி முடித்ததையும் சேர்த்து இருபத்து மூன்று பெட்டியும் வாயை மூடிக் கிடக்கும்.

நாகேந்திரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெப்பமானியைப் பார்த்தார். "முப்பத்தாறு. பரவாயில்லையேம்மா. நான் என்னமோன்னு நினைச்சேன்."

"ஆமாங்க சார்" என்றார் ஈஸ்வரி.

"எதுக்கும் மாசக் கடைசியில இன்னொரு தடவை வருவேன். சொல்லாம வருவேன்."

6

தொழுகை முடிந்து தொப்பியோடு மகளை அழைத்துப் போக வந்த சஃபீரிடம் ஈஸ்வரி நடந்ததைச் சொன்னார். அவன் "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். டீச்சர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"இருங்க தம்பி. அவரு வந்தது வெள்ளிக்கெழம. நாளைக்கு வந்துருந்தா நம்ம கத கந்தல். நான் ஒண்ணு கேக்கவா? முதுகுளத்தூர் பக்கத்துல எங்க ஊர்ல விடியக்காலம் பஸ் ஏறும்போது முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு ஏறுறேன். இங்கன வந்து இறங்குனா அதே முந்தானையால விசிறிக்கிறேன். ரெண்டு எடத்துக்கும் ஒரே சூரியந்தான். எங்களுக்கு இல்லாத கடலு வேற ஒங்களுக்குப் பக்கத்துல கெடக்கு. அப்பறம் இங்கன மட்டும் ஏன் இப்படிக் கொதிக்குது?"

சஃபீர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டான். மறுநாள் ஒரு மணிக்குத் தன் டிஜிட்டல் வெப்பமானியை எடுத்துக்கொண்டு போனான். வானம் நேற்றுப் போலவே இருந்தது. சந்தில் மெசின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கன்வாடிக்குள் நாற்பது புள்ளி எட்டு. வெளியே வந்து எதிர்வீட்டு அவுட்டோர் முன்னால் பிடித்தான். ஐம்பத்திரண்டு.

[ஒரே சந்தில் கிட்டத்தட்ட ஐந்து டிகிரி வித்தியாசம் என்பது என் கதைக் கணக்கு. உங்கள் தெருவில் ஒன்றாக இருக்கலாம், இரண்டாக இருக்கலாம். வெப்பமானியோடு நீங்களே போய் நின்று பாருங்கள்.]

ஆயிரம் வாடிக்கையாளரிடம் அவன் சொன்ன வாக்கியம் ஒன்று உண்டு: "ரூமுக்குள்ள இருக்குற சூட்டை எடுத்து வெளிய தள்ளிரும்." வெளியே என்றால் எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தான். அட்டை ஒட்டிய ஜன்னலுக்கு அந்தப் பக்கம் லாமியா ஏதோ பாட்டு பாடிக்கொண்டிருந்தாள். 

என் கட்டுரை பத்துப் பக்கத்தில் சொல்ல நினைத்தது இதுதான். வெயில் மேலிருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஊரில் அது பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்தும் வருகிறது, காலுக்குக் கீழே கிடக்கும் கல்லிலிருந்தும் வருகிறது. சூரியனிடம் போய் நாம் பேச முடியாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசலாம். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை வந்தது.

7

பேசுவது லேசு என்று நான் சொல்லவில்லை.

அங்கன்வாடிக்கு எதிர்வீட்டு ஜுனைதாவின் கணவர் கத்தாரில். மகள் பிரசவத்துக்கு வந்து இருபத்தைந்து நாள் ஆகிறது. உள்ளே பச்சைப் பிள்ளை.

"லாத்தா, ஒங்க அவுட்டோர் ரெண்டையும் மாடிக்கு மாத்திரலாம்னு பாக்குறேன்" என்றான் சஃபீர், வாசலில் நின்றபடி. அந்த ஊரில் லாத்தா என்றால் அக்கா.

"என்ன தம்பி வெளாடுறியா? மாடியில வச்சா கச்சான் தின்னுரும்னு நீதான சொன்ன? கூட நாலு வீட்டுக்கும் நானே சொன்னேன், சஃபீர் சொல்லுறான்னு."

"ஆமா லாத்தா. நாந்தான் சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்."

பேர் எடுத்த மெக்கானிக் வாயிலிருந்து இந்தச் சொல் வருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எழுதுகிறவர்களுக்கும் அது லேசில் வராது.

"ஒரு நிமிசம் கீழ வந்து நில்லுங்க லாத்தா. வேற ஒண்ணும் வேணாம்."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜுனைதா சந்தில் இறங்கினார். தன் வீட்டுக் குளிர்ச்சிக்கு இப்படி ஒரு முதுகு இருப்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை. பெட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்றார். அரை நிமிஷம்கூடத் தாங்கவில்லை. "யா அல்லாஹ்" என்று விலகினார். கண் அட்டை ஒட்டிய ஜன்னலில் நின்றது.

"ரெண்டு வருசமா இதச் சொல்லாம இருந்திருக்க பாரு" என்று அவனைத்தான் திட்டினார். "துருவுக்கு என்ன செய்வ?"

"கச்சான் பக்கமாப் பனையோலத் தட்டி கட்டுவேன். மாசாமாசம் மொத வெள்ளிக்கெழம, நீங்க வாசல் கழுவுற நேரத்துல நான் மாடிக்கு வந்து நல்ல தண்ணியில காயிலைக் கழுவித் தருவேன். ஒவ்வொரு வீட்டுக்கும். இன்ஷா அல்லாஹ் நான் இருக்குற வரைக்கும்."

ஜுனைதா வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப வெள்ளிக்கெழம காலையில வந்து மாத்து. பிள்ளையையும் தாயையும் அரை நாள் உள்கூடத்துல வச்சுக்கிறேன்."

அதற்குப் பிறகு நடந்ததைச் சஃபீர் செய்யவில்லை. ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் அவன் போய்க் கதவைத் தட்டிப் பேசிக்கொண்டிருக்க முடியாது. ஜுனைதா தன் போனை எடுத்தார். ஏழு நிமிஷ வாய்ஸ் மெசேஜ், சந்தில் இருந்த எல்லாப் பெண்களுக்கும். கடைசியில் ஒரு வரி: "நம்பலைன்னா ஒங்க மெசினுக்கு முன்னாடி அரை நிமிசம் நின்னுட்டு அப்பறம் எங்கிட்டப் பேசுங்க." அன்றைக்குச் சாயங்காலம் பர்தாவோடு ஒவ்வொருவராக வந்து தத்தம் வீட்டுப் பெட்டிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த காட்சி இதுதான்.

வாவு முகம்மது மட்டும் மசியவில்லை. சந்திலேயே பெரிய வீடு, நாலு பெட்டி. இருபத்து மூன்றாவதும் அவருடையதுதான்.

"ஏலே சஃபீர், எதுக்கு இம்புட்டுப் பாடு? அங்கன்வாடிக்கு நானே ஒரு ஏசி வாங்கித் தாரேன். மாட்டிவிடு. முடிஞ்சது சோலி."

[உண்மையைச் சொல்கிறேன். இந்த இடத்தில் கதையே முடிந்துபோனது என்று நினைத்துப் பேனாவை மூடிவிட்டேன். நல்ல மனிதர், நல்ல யோசனை. இரண்டு நாள் கழித்துத்தான் சஃபீர் எனக்குப் பதில் சொன்னான்.]

"தாங்க மாமா. அதோட அவுட்டோரை யாரு வீட்டு ஜன்னலுக்கு நேரா வைக்கட்டும்?"

வாவு முகம்மது தன் வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்தார். "போலே" என்றார். சரி என்றும் சொல்லவில்லை.

மாதக் கடைசிக்குள் பதினைந்து பெட்டிகள் மாடிக்குப் போயின. ஈஸ்வரி தன் ஊரிலிருந்து ஒரு மூட்டை சுண்ணாம்பைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். அங்கன்வாடி மொட்டை மாடியில் சஃபீரும் அவரும் இரண்டு பூச்சு வெள்ளையடித்தார்கள். சுவரோரம் நாலு கல்லைப் பெயர்த்துவிட்டு ஒரு வேப்பங்கன்று வைத்தார்கள். மூன்றே வாரத்தில் அது நிழல் கொடுத்தது என்று எழுதக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். இப்போது அதில் ஒன்பது இலை இருக்கிறது.

8

மாதக் கடைசிப் புதன்கிழமை, பகல் ஒரு மணி. கச்சான் மாடிகளுக்கு மேலே இரைந்துகொண்டிருந்தது. சொல்லாமல் வருவேன் என்ற நாகேந்திரன் சொல்லாமலே வந்தார். வெப்பமானியை வெளியே எடுத்தார்.

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: நாற்பத்தொன்று. எட்டுப் பெட்டி மிச்சம் இருக்கிறதே. மையம் மூடப்படுகிறது. இந்த முடிவு நம்பும்படி இருந்தது. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. பதினைந்து பெட்டியைத் தோளில் ஏற்றி மாடிக்குக் கொண்டுபோனவனை நம்பாமல், எண்ணை மட்டும் ஏன் நம்புகிறோம்?

இரண்டு: முப்பத்தைந்து. எல்லோரும் கை தட்டுகிறார்கள். இதை நானே நம்பவில்லை.

மூன்று: சரியாக அந்த நேரத்தில் வாவு முகம்மது தன் வீட்டு மெசின்களை

இதை முடிக்க வேண்டியவர் அவர். நான் இல்லை.

எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அன்று காலை ஈஸ்வரி ஜன்னல் அட்டையைக் கிழித்துப் போட்டார். கதவு இறுகிப்போயிருந்தது. சஃபீர் எண்ணெய் விட்டுத் தட்டித் திறந்தான். பிள்ளைகள் மத்தியானச் சோறு தின்றுவிட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். லாமியா எழுந்து போய் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தாள்.

"வாப்பா, சுடல" என்றாள், வாசலில் நின்ற அப்பாவிடம்.

சஃபீருக்கு அது போதுமாக இருந்தது. நாகேந்திரனுக்குப் போதாது. அவருக்கு எண் வேண்டும். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டு பார்க்கிறார். நோட்டில் அவர் எழுதும் எண் இதுதான்:

____ டிகிரி.

அந்தக் கோட்டை உங்களுக்காக விட்டிருக்கிறேன். எழுதுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. எழுதுமுன் உங்கள் வீட்டுப் பின்பக்கம் போய், உங்கள் மெசின் யாருடைய ஜன்னலைப் பார்த்து நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். மெசின் இல்லாதவர்கள், உங்கள் ஜன்னலைப் பார்ப்பது யாருடையது என்று பாருங்கள். கதவைத் தட்டிப் பேசிவிட்டு வந்து எழுதினால் இன்னும் நல்லது.

நான் போய்ப் பார்த்தேன். பூமயிலின் கதவைத் தட்டி, என் அவுட்டோரைப் பற்றி வாய் குழறிச் சொன்னேன். அவர் தையல் மெசினிலிருந்து எழாமலே, "நாலு வருசமா நீங்க வருவீகன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்ய்யா" என்றார். இந்தக் கதை பத்திரிகை ஆசிரியர் கைக்கு மூன்று நாள் தாமதமாகப் போனதற்குக் காரணம் அதுதான். சஃபீர் வந்து மாடியில் ஸ்டாண்டு அடிக்கும் வரை, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வேர்க்க வேர்க்கத்தான் இதை எழுதினேன்.